தமிழ்ச் சாகசப் படங்களில் குதிரை

தமிழ்ச் சாகசப் படங்கள் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவை 1940கள் முதல் 1970களின் முற்பகுதி வரை வந்த ராஜா ராணிக் கதைகள், வாள்சண்டைப் படங்கள், கொள்ளைக்காரன் கதைகள், அவற்றை அடுத்து வந்த கௌபாய் படங்கள் ஆகியன. இவற்றின் நாயகர்கள், வசனம், பாட்டு, வாள்வீச்சு ஆகியவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் நாயகனைச் சுமந்து ஓடிய குதிரையைப் பற்றிய பேச்சு ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். தமிழ்ப் படம் குதிரையைப் பெரும்பாலும் வாகனமாகவே வைத்துக்கொண்டது, நடிகனாக வளர்க்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. அப்படி வளர்த்த சில படங்களில் சாகசக் கதையே ஒரு படி உயர்ந்து நின்றது.

வாகனக் குதிரை

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இதைத் தொடங்கலாம். நவதிருப்பதிகளுள் ஒன்றான இவ்வூர்ப் பெருமாளின் உற்சவருக்குக் கள்ளபிரான் என்று பெயர். காலதூஷகன் என்ற திருடன் தன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் காணிக்கையாக்கி வந்தான் என்றும், அவன் அகப்படும் நிலை வந்தபோது பெருமாளே அவன் உருவில் அரசன்முன் போய் நின்றார் என்றும் தலபுராணம் சொல்கிறது. நல்ல திருடனை நாயகனாக்கும் கதை சினிமா கண்டுபிடித்ததன்று. கொட்டகையில் அக்கதையைப் பார்த்தவர்களுக்கு அது கோயிலிலிருந்தே பழக்கமானது.

குதிரையும் அப்படித்தான் பழக்கமானது. பெருமாள் கோயில் திருவிழாக்களில் வரும் குதிரை வாகனம் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பாயும் நிலையில் இருக்கும். சுவாமியை அதன்மேல் ஏற்றித் தோளில் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடி, குதிரை பாய்வதுபோல் ஆட்டிக் காட்டுவதை வையாளி என்பார்கள். அங்கே குதிரையின் கால்கள் சுமப்பவர்களின் கால்களே. ஊர் எல்லையில் சாஸ்தாவுக்கும் ஐயனாருக்கும் நிற்கும் மண்குதிரைகளும் அசைவதில்லை. அவை இருப்பதே போதும், தெய்வம் இரவில் சவாரி போகும் என்பது நம்பிக்கை. தமிழ் ரசிகரின் மனத்தில் குதிரை என்றால் மேலே அமர்பவரின் பெருமைக்கு அடையாளம். அது தானாக என்ன செய்யும் என்ற கேள்வி எழுவதில்லை.

இதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. குதிரை தமிழ்நாட்டின் பண்ணை விலங்கு அன்று, கடல் வழியாக வந்த விலங்கு. ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து ஓடும் ஆறு கடலைச் சேரும் இடத்தருகே இருந்த காயல் பாண்டியர்களின் பெருந்துறைமுகம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து அங்கே குதிரைகள் வந்து இறங்கியதைச் சொல்கிறார். பாண்டிய அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்கிறார். குதிரைக்குச் சோறு ஆக்கிப் போட்டார்களாம், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லையாம். லாடம் அடிப்பவர்களையும் வைத்தியம் தெரிந்தவர்களையும் வணிகர்கள் வேண்டுமென்றே கூட்டி வரவில்லை, குதிரைகள் செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். வெளிநாட்டுப் பயணியின் மிகை இதில் இருக்கலாம். ஆயினும் விலை கொடுத்துக் குதிரையை வாங்கிவிட்டு, அதைப் பழக்கும் கலையை வாங்காமல் விட்ட கதை என்ற அளவில் இது சினிமாவுக்கும் பொருந்தும். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய்ப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டு, இறைவன் நரியைப் பரியாக்கிய புராணத்தை நினைத்துக்கொள்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அக்கதையிலும் குதிரைகள் இரவோடு இரவாக நரியாகிப் போகின்றன.

பயிற்சி என்றால் என்ன

குதிரை வேட்டையாடும் விலங்கு அன்று, வேட்டையாடப்படும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. படப்பிடிப்புத் தளத்தில் பக்கவாட்டிலிருந்து பளிச்சிடும் ரிப்ளெக்டரும், திடீரென வெடிக்கும் துப்பாக்கியும், புகையும், நூறு பேரின் கூச்சலும் அதற்கு ஓடிப்போகச் சொல்லும் அறிகுறிகள். ஓடாமல் நிற்கப் பழக்குவதே முதல் பாடம். ஓடப் பழக்குவது அதற்குப் பிறகுதான். சாகசப் படத்தில் குதிரை பாய்வதைக் கண்டு வியப்பவர்கள், வாள்கள் உரசும் இடத்துக்கு அருகில் அது அசையாமல் நிற்பதைக் கண்டுதான் அதிகம் வியக்க வேண்டும்.

அடுத்தது சைகை. நாயகன் சீட்டியடித்தால் குதிரை வருகிறது என்று திரையில் காண்கிறோம். உண்மையில் கேமராவுக்கு அப்பால் நிற்கும் பயிற்சியாளரின் கையசைவுக்கோ குச்சியின் அசைவுக்கோ அது வருகிறது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்பது, தலையாட்டுவது, நொண்டுவது, படுப்பது ஒவ்வொன்றுக்கும் தனிச் சைகை, ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் பழக்கம். விழும் குதிரைக்குப் பயிற்சி இன்னும் கடினம். சவாரி செய்பவர் கடிவாளத்தால் தலையை ஒரு பக்கம் திருப்பியதும் அது தானாகப் பக்கவாட்டில் சாய வேண்டும். விழும் இடத்தைத் தோண்டி மணலோ வைக்கோலோ இட்டுப் பதமாக்கி வைப்பார்கள். இப்படிப் பழகிய குதிரை எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த டேக்குக்குத் தயாராகும்.

ஹாலிவுட்டில் இக்கலை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏறி வந்த பொன்னிறக் குதிரையைப் பின்னர் ராய் ராஜர்ஸ் வாங்கி ட்ரிக்கர் என்று பெயரிட்டார். அவருடைய படங்களின் தலைப்பு அட்டையில் அதன் பெயரும் நடிகர் பெயரைப்போல் வந்தது. ட்ரிக்கரைப் பழக்கிய கிளென் ராண்டலே பிற்பாடு பென்-ஹர் (1959) படத்தின் தேர்க் குதிரைகளையும் பழக்கினார். அந்தத் தேரோட்டக் காட்சியின் புகழில் அவர் பெயருக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் வாடியா மூவிடோன் ஹண்டர்வாலி (1935) தொடங்கி எடுத்த நாதியா படங்களில் ‘பஞ்சாப் கா பேட்டா’ என்ற குதிரை பெயரோடு அறியப்பட்டது. பம்பாயின் ஸ்டண்ட் படத்துக்கு இருந்த இந்த நாணயம் சென்னையின் ராஜா ராணிப் படத்துக்கு வாய்க்கவில்லை.

சர்க்கஸ் தந்த வாய்ப்பு

வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. எஸ்.எஸ்.வாசனின் சந்திரலேகா (1948) சர்க்கஸ் கூட்டத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. விலங்குகளைப் பழக்கும் கலையில் சர்க்கஸை மிஞ்சிய பள்ளிக்கூடம் அன்றைய தென்னிந்தியாவில் கிடையாது. வீரசிம்மன் குகையில் அடைக்கப்பட்டுப் பாறையால் மூடப்பட்டதும், அவ்வழியே வரும் சர்க்கஸின் யானைகள்தாம் பாறையைத் தள்ளி அவனை மீட்கின்றன. இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் முரசு நடனத்தோடும் இறுதி வாள்சண்டையோடும் நிறுத்திக்கொள்வது வழக்கம். இந்த யானைக் காட்சியையும் அவற்றோடு சேர்த்தே வைக்க வேண்டும். நாயகனால் ஆகாத காரியத்தை ஒரு விலங்கு செய்கிறது, அதனால் கதை நகர்கிறது. விலங்கு நடிப்பு என்பதற்கு இலக்கணம் இதுவே. ஆனால் அந்த இடம் யானைக்குத்தான் கிடைத்தது, குதிரைக்குக் கிடைக்கவில்லை.

அப்படத்தில் வில்லன் சசாங்கனாக வந்த ரஞ்சனுக்கு வாள்வீச்சும் நடனமும் கைவந்தவை. அவர் நாயகனாக நடித்த நீலமலைத் திருடன் (1957) குதிரைக்கு ஓரளவு நியாயம் செய்தது. தயாரிப்பாளர் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர் விலங்குகளை நம்பியவர். பிற்காலத்தில் தெய்வச்செயல், ஹாத்தி மேரே சாத்தி, நல்ல நேரம் ஆகியவற்றில் யானையையும், வெள்ளிக்கிழமை விரதத்தில் பாம்பையும், ஆட்டுக்கார அலமேலுவில் ஆட்டையும் நட்சத்திரமாக்கினார். அந்த வழக்கத்தின் முளையை நீலமலைத் திருடனிலேயே காணலாம். முகமூடி அணிந்த நல்ல திருடனுக்கு அதில் ஒரு குதிரையும் ஒரு நாயும் கூட்டாளிகள்.

இப்படத்தில் அனைவர் நினைவிலும் நிற்பது டி.எம்.சௌந்தரராஜன் பாடிய சவாரிப் பாட்டு. கே.வி.மகாதேவனின் தாளம் குளம்படியை ஒட்டி நடக்க, நாயகன் போகும் வழியெல்லாம் நெறி சொல்லிக்கொண்டே போகிறான். பொதுவாக அறிவுரைப் பாட்டுகளில் பாடுபவர் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ ஊராருக்குச் சொல்வார். இங்கே ஊரார் இல்லை, கேட்பதற்குக் குதிரை மட்டுமே. அதனால்தான் அந்தப் பாட்டில் மேடைப் பேச்சின் வாடை இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தொனி வருகிறது. குதிரையின் சீரான ஓட்டம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. மிரளும் குதிரைமேல் இருந்தால் எந்த நடிகரின் முகத்திலும் பயமே தெரியும், பாட்டு நிற்காது. அந்த நிதானம் பழகிய குதிரை தந்தது.

பேசும் நாயகன், காத்திருக்கும் குதிரை

எம்.ஜி.ஆரின் படங்களில் குதிரை அதிகம். மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அக்கதையில் திருடர்களுக்கு முன்னால் குளம்பொலியும் புழுதியும் வரும், பிறகே முகங்கள் வரும். கூட்டமாகக் குதிரை ஓட்டிக் காட்டும் அழகு இப்படத்துக்கு உண்டு. ஆனால் கூட்டத்தில் ஓடும் குதிரை காட்சியின் நிறமாக நின்றுவிடுகிறது.

இன்னும் பெரிய ஏமாற்றம் ராஜா தேசிங்கு (1960). செஞ்சித் தேசிங்குராஜன் கதைப்பாடலின் உயிரே குதிரைதான். டெல்லி பாதுஷாவிடம் வந்த அடங்காத குதிரையில் யாராலும் ஏற முடியவில்லை. தந்தை சிறைப்பட்டிருக்க, இளம் தேசிங்கு ஏறி அடக்கி அவரை மீட்கிறான். அரசும் திருமணமும் புகழும் அந்த ஒரு சவாரியிலிருந்து பிறக்கின்றன. தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் இக்கதையைக் கேட்டும் படித்தும் வளர்ந்த ஊர்களில் அக்குதிரைக்கு நாயகனுக்குச் சமமான மதிப்பு. தமிழ் சினிமா ஒரு குதிரையை நடிகனாக்க இதைவிட ஏற்ற கதை கிடையாது. படமோ எம்.ஜி.ஆரின் இரட்டை வேடத்தையும் அதையொட்டிய பாசப் போராட்டத்தையும் மையமாக்கிக்கொண்டது. அன்றைய நட்சத்திர வியாபாரத்தில் இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு, ஆனால் நல்ல முடிவு என்று சொல்ல முடியாது.

வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) ஸ்ரீவைகுண்டத்துக்கு நெருங்கிய கதை. தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் கும்பினியாரின் நெற்களஞ்சியத்தைக் கொள்ளையிட்டது இவ்வூரில்தான் என்பது இங்கே இன்றும் சொல்லப்படும் செய்தி. 1798இல் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக முகாமை மாற்றிக்கொண்டே போக, கட்டபொம்மன் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பின்தொடர்ந்து இறுதியில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அவமதிக்கும் நோக்கத்தோடு நடத்தப்பட்ட நீண்ட அலைச்சல் அது. அந்த அலைச்சலைச் சொற்களால் சொல்வதைவிட, நுரை தள்ளும் குதிரையின் வாயால் காட்டியிருந்தால் பார்ப்பவருக்கு அவமானம் உடம்பில் உறைத்திருக்கும். பி.ஆர்.பந்துலுவின் படம் சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தையும் சிவாஜி கணேசனின் குரலையும் நம்பியது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை, ஜாக்சனோடான வாக்குவாதம் தமிழ்நாடு முழுவதும் பள்ளி ஆண்டுவிழாக்களில் ஒப்பிக்கப்பட்டது. ஆண்டுவிழாவில் நடிக்க வந்த பையன்களுக்குக் குதிரை தேவைப்படவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு காட்சியைக் குதிரை இல்லாமலேயே முழுமையாக நடித்துவிட முடிகிறது என்றால், படத்திலும் குதிரைக்கு வேலை இல்லை என்றே பொருள்.

ஸ்டுடியோ முறையும் இதற்கு ஒரு காரணம். முகம் தெரியும் அண்மைக் காட்சிகளில் நடிகர் தளத்திலேயே அமர்ந்து குலுங்க, பின்னால் திரையில் மரங்கள் ஓடும். தூரக் காட்சியில் டூப் ஓட்டுவார். இரண்டையும் ஒட்டியபோது மனிதனும் குதிரையும் ஒரே சட்டத்தில் உறவாடும் தருணமே இல்லாமல் போயிற்று. குளம்பொலியும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தேங்காய்ச் சிரட்டையால் தட்டிச் சேர்க்கப்படுவதுண்டு. இது உலகெங்கும் இருந்த வழக்கம்தான், சிரட்டைக்குத் தாமிரபரணிக் கரையில் பஞ்சமும் இல்லை. ஆனால் மணலிலும் பாறையிலும் ஓடும்போது ஒரே சிரட்டைச் சத்தம் கேட்டால், குதிரையைப் பார்த்து அறியாத சிறுவன்கூடச் சந்தேகப்படுவான்.

கர்ணனின் கேமரா

இந்நிலையை மாற்றியவர் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான எம்.கர்ணன். ஜெய்சங்கரை வைத்து அவர் இயக்கிய காலம் வெல்லும் (1970), கங்கா (1972), ஜக்கம்மா (1972) ஆகியவை இத்தாலிய கௌபாய் படங்களின் சாயலில் வந்தவை. கதையளவில் இவற்றில் பெரிய புதுமை இல்லை, பழிவாங்கல்தான். பெண் பாத்திரங்களைக் காட்டிய விதம் அன்றே கண்டிக்கத்தக்கது. ஆனால் கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கி, குளம்புகள் நெருங்கி வரும்படி வெட்டவெளியில் படமாக்கியதில் கர்ணனுக்கு நிகரானவர் அப்போது தமிழில் இல்லை. வெட்டவெளியில் அரண்மனைத் தூண்களுக்குப் பின்னால் ஒளிய முடியாது, திரையில் ஓட்டிய மரங்களும் உதவாது. குதிரை உண்மையாகவே ஓட வேண்டும், குறித்த இடத்தில் உண்மையாகவே நிற்க வேண்டும். இப்படங்களை மட்டமான கேளிக்கை என்று ஒதுக்கிய விமர்சனம் இந்த உழைப்பையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. பிற்காலத்தில் இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம் (2010) இவ்வகைப் படங்களைக் கேலி செய்தபோது, கேலிக்கு அடியில் இருந்த பாசம் கர்ணனின் குதிரைகளுக்குச் சேர வேண்டியது.

இதே காலத்தில் இந்தியில் ஷோலே (1975) ஒரு குதிரைக்குப் பெயர் வைத்தது. பசந்தியின் டோங்காவை இழுக்கும் தன்னோ அது. கொள்ளையர் துரத்தும் காட்சியில் பசந்தி அதனிடம் மன்றாடுவாள், அவளுடைய மானம் தன்னோவின் கால்களில் இருக்கிறது. ஹேமமாலினிக்கு டூப்பாக அந்த வண்டியை ஓட்டிய ரேஷ்மா பதானின் பெயர் பல்லாண்டுகளுக்குப் பிறகே பரவலாகப் பேசப்பட்டது.

விலை

குதிரை நடிப்பைப் புகழும் எவரும் அதன் மறுபக்கத்தைத் தவிர்க்கக் கூடாது. 1936இல் வந்த தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட் படத்தின் போர்க் காட்சிக்காகக் குதிரைகளின் முன்னங்கால்களில் கம்பி கட்டி, ஓடும்போது இழுபட்டுக் குப்புற விழும்படி செய்தார்கள். பல குதிரைகள் செத்தன. 1939இல் வந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்துக்காக உயரமான பாறையிலிருந்து நீரில் விழச் செய்யப்பட்ட குதிரை இறந்தது. அதன்பிறகே அமெரிக்காவில் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். கம்பியால் விழுந்தவை பழகாத குதிரைகள், பழக்க நேரமும் பணமும் செலவிட விரும்பாததால்தான் கம்பி தேவைப்பட்டது. விழப் பழகிய குதிரை கம்பி இல்லாமலே விழும். பயிற்சியைக் கொடுமை என்று மொத்தமாகத் தள்ளுபவர்கள் இதைக் கருத வேண்டும். பட்டினி போட்டும் அடித்தும் பழக்கும் பயிற்சியும் உண்டு என்பதை மறப்பவர்களும் பாதி உண்மையையே பேசுகிறார்கள்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் வந்த விதிகள் படத்தில் விலங்கைப் பயன்படுத்த முன் அனுமதியைக் கட்டாயமாக்கின, கால் இடறும் கம்பிகளையும் குழிகளையும் தடுத்தன. அதற்குப் பிறகும் 2021இல் ஐதராபாத் அருகே ஒரு சரித்திரப் படப்பிடிப்பில் குதிரை ஒன்று இறந்து, காவல்துறையில் வழக்குப் பதிவாயிற்று.

சட்டம் இறுகியதும் தயாரிப்பாளர்கள் கணினிக் குதிரைக்கு மாறினார்கள். இதில் குதிரைக்கு லாபம், கதைக்கு நட்டம் வரக் கட்டாயமில்லை. எஸ்.எஸ்.ராஜமௌலியின் மகதீரா (2009, தமிழில் மாவீரன், 2011) படத்தில் புதைமணலில் சிக்கிய நாயகனைக் குதிரை மீட்கும் காட்சி, கணினியின் துணையிருந்தும், சந்திரலேகாவின் யானைகளுக்குப் பிறகு தென்னிந்தியத் திரையில் விலங்கு கதையை நகர்த்திய நல்ல இடங்களில் ஒன்று. மறுபுறம், ஆயிரக்கணக்கில் கணினியில் பெருக்கப்பட்ட குதிரைப் படைகளில் ஒரு குதிரையாவது மிரள்வதோ களைத்துப்போவதோ கிடையாது. அவை மறுபடியும் மண்குதிரைகளே, கொஞ்சம் வேகமாக ஓடும் மண்குதிரைகள்.

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலே வந்தியத்தேவன் குதிரைமேல் வீரநாராயண ஏரிக்கரையில் வருவதில்தான் தொடங்குகிறது. மணிரத்னத்தின் படத்தில் (2022) கார்த்தி சோழநாட்டைக் கடந்து செல்லும் சவாரிப் பாட்டு, நீலமலைத் திருடனின் சவாரிப் பாட்டுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த உறவினர். இரண்டிலும் தனியாளாக ஒருவன் ஊர் பார்த்துக்கொண்டு போகிறான், இரண்டிலும் குதிரையின் நடை பாட்டின் நடையாகிறது. படம் தொடங்குமுன் விலங்கு எதுவும் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பு இப்போதெல்லாம் வருகிறது. தமிழ்ப் படத்தில் குதிரையைப் பற்றித் தலைப்பில் வரும் வாசகம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதில் குதிரையின் பெயரும் இருப்பதில்லை, பழக்கியவரின் பெயரும் இருப்பதில்லை.